கனவுக்கன்னி என்றதோடு கைகழுவினோம்

டி.ஆர். ராஜகுமாரியை மறந்துவிட்டோம் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். மறக்கவில்லைதான். எழுபதைத் தாண்டிய யாரை நிறுத்திக் கேட்டாலும் "தமிழ் சினிமாவோட முதல் கனவுக்கன்னி" என்று தயங்காமல் சொல்வார். கூடவே 'ஹரிதாஸ்' என்பார், 'சந்திரலேகா' என்பார், முரசு நடனம் என்பார். அதற்கு மேல் ஒன்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊர்ப் பெண்? யார் வளர்த்தது? சம்பாதித்த பணத்தில் என்ன செய்தார்? எப்போது இறந்தார்? பதில் வராது. இந்த டெல்டாவில் பிறந்த ஒரு பெண்ணுக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்து, அந்தப் பட்டத்துக்குள்ளேயே அவரைப் பூட்டிச் சாவியை எங்கோ போட்டுவிட்டோம். மறதிக்கு மன்னிப்பு உண்டு. நாங்கள் செய்தது மறதி இல்லை.

நாங்கள் என்பது வரிச்சிக்குடிக்காரர்கள். காரைக்காலிலிருந்து பொறையாறு போகும் சாலையில், கோட்டுச்சேரியை ஒட்டிய ஊர். இங்கே கிழக்கே திரும்பினால் சம்பந்தர் பாடிய திருவேட்டக்குடி. வடக்கே நண்டலாறு. 1954 நவம்பர் 1 வரைக்கும் இது பிரெஞ்சுக்காரன் சீமை; ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு. ஆட்சி வேறாக இருந்தாலும் பாட்டு, கூத்து, நாகஸ்வரம், சதிர், பின்னால் வந்த சினிமா எல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பெரிய ஆளானால் அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துத்தான் வளர்ந்தோம். பங்கு கேட்கும்போது இருந்த உறவு, கடன் தீர்க்கும்போது இல்லாமல் போனது.

ராஜகுமாரி 1922-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள், தஞ்சாவூரில் பெயர்பெற்ற பாடகி. பாட்டும் ஆட்டமும் சோறு போட்ட வீடு அது. சிற்றன்னை முறையுள்ள எஸ்.பி.எல். தனலட்சுமி ஏற்கெனவே சினிமாவில் இருந்தார். இயக்குநர் கே. சுப்பிரமணியம், அவரும் பாபநாசத்துக்காரர்தான், தனலட்சுமி வீட்டுக்குப் போனபோது அங்கே கண்ணில் பட்ட பெண்தான் ராஜாயி என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. 1941-ல் வந்த 'கச்ச தேவயானி' அவரை ஒரே படத்தில் நட்சத்திரமாக்கியது. அதற்கு முன்பே ஓரிரு படங்கள் உண்டு, அவை பேசப்படவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கதையின் கடைசிப் பகுதியை மட்டும் விரும்பிச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தார், பார்த்தார், நட்சத்திரமாக்கினார். ஒரு ஆண் வந்து பார்க்கிற நிமிஷத்தில்தான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் பாட்டி சொல்லிக்கொடுத்த பாட்டு, விடியற்காலைச் சாதகம், கால் வலிக்க வலிக்கப் போட்ட அடவு, எதுவும் கணக்கில் சேராது. காரணம் எங்களுக்குத் தெரியும். சொல்ல வாய் வராது. "அவ எந்த வீட்டுப் பொண்ணு தெரியும்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒரு கேள்வி இந்தப் பக்கத்தில் உண்டு. அதைக் கேட்டவர்களும் நாங்கள்தான், கேட்டுத் தலையாட்டியவர்களும் நாங்கள்தான்.

அதே வீடுகளில் பிறந்த ஆண்களை எப்படி வைத்துக்கொண்டோம்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றால் இன்றைக்கும் துண்டை இடுப்புக்கு இறக்குகிற பெரியவர்கள் உண்டு. திருவீழிமிழலை, பந்தநல்லூர், வழுவூர் என்று இந்த டெல்டாவின் ஊர்ப் பெயர்களெல்லாம் நாகஸ்வரக்காரர்களுக்கும் நட்டுவனார்களுக்கும் முன்னால் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றின. தப்பில்லை, அவர்களுக்குத் தகும். அதே குடும்பத்துப் பெண்கள் விஷயத்தில் மட்டும் ஊர்ப் பெயர் ஒரு விலாசமாகிவிடும். விலாசம் ஒரு வசவாகிவிடும். தஞ்சாவூர் பாலசரஸ்வதியை உலகம் தலையில் தூக்கி வைத்த பிறகு நாங்களும் தூக்கினோம். சினிமாவுக்குப் போனவர்களுக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை.

'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம் என்பது எல்லோருக்கும் தெரியும். படம் வந்த சில வாரங்களிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் படத்தின் நாயகன் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதர் சிறைக்குள், அவர் படம் தியேட்டருக்குள். அந்தச் சோகத்தை மூன்று தலைமுறையாகப் பேசித் தீர்க்கவில்லை நாங்கள். அந்தப் படத்தில் நடித்த இரண்டு பெண்களைப் பற்றி யாரும் பேசியதில்லை.

தாசி ரம்பாவாக ராஜகுமாரி. கட்டிய மனைவியாக என்.சி. வசந்தகோகிலம். வசந்தகோகிலம் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். காரைக்காலிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊர். கர்நாடக சங்கீத மேடையில் பெரிய பெயர் வாங்கி, 1951-ல் இளவயதிலேயே போய்விட்டார். ஆக, அந்தக் காலத் தமிழ் சினிமாவின் மிகப்பெரிய வெற்றிப் படத்தில் நல்லவளும் கெட்டவளும் எங்கள் பக்கத்துப் பெண்களே. இரண்டு பேருக்கும் நாங்கள் கொடுத்தது ஒன்றுதான். நல்லவள் அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கெட்டவள் காற்றில் ஒரு முத்தத்தை அனுப்பினாள், விசில் அடித்தோம். வெளியே வந்து பாகவதர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம்.

அந்த முத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1944-ல் திரையில் ஒரு பெண் ஆணைப் பார்த்து அப்படிச் செய்வது சின்ன விஷயமில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் காட்சியில் பாகவதருக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது, ராஜகுமாரிக்கு இல்லை. கண், கழுத்து, விரல் மூன்றும் ஒரே தாளத்தில் அசைந்து அந்த முத்தம் கிளம்புகிறது. சதிர் மேடையில் அபிநயம் பிடித்துப் பழகிய பரம்பரையிலிருந்து வந்த வேலை அது. நாங்கள் அதை 'கவர்ச்சி' என்று பெயரிட்டு வேறு பெட்டியில் போட்டோம். அதே அசைவைக் கச்சேரி மேடையில் வேறொரு வீட்டுப் பெண் செய்திருந்தால் 'சிருங்காரம்' என்று எழுதியிருப்போம்.

அவருக்குக் கிடைத்த வேஷங்களைப் பாருங்கள். 'சிவகவி'யில் ஆடல் பெண். 'ஹரிதாஸ்' ரம்பா. 'மனோகரா'வில் அரசனை மயக்கும் வசந்தசேனை. நடுவில் 'மனோன்மணி' போல அரசகுமாரி வேஷங்களும் உண்டு. அவை எங்கள் நினைவில் நிற்கவில்லை, நிற்கவிடவும் இல்லை. ஆடுகிற வீட்டிலிருந்து வந்த பெண் திரையிலும் ஆடிக் கெடுக்கிறவளாக இருப்பதுதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. பார்க்க ஆசை, பார்த்தபின் திட்டவும் ஒரு ஆள் கிடைத்தாகிவிட்டது. 1954 மார்ச்சில் 'மனோகரா' வந்தபோது இந்த ஊர் இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எல்லை தாண்டிப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கண்ணாம்பாவின் வசனத்தையும் சிவாஜியின் வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியதாக வீட்டில் கேட்டிருக்கிறோம். வசந்தசேனை என்ன பேசினாள் என்று யாரும் சொல்லிக் காட்டியதில்லை. அவள் பெயரை மட்டும் தெருச் சண்டையில் வசவாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாத்திரம் அவ்வளவு வெறுப்பைச் சம்பாதித்தது என்றால் அதை நடித்தவர் எவ்வளவு பெரிய நடிகை என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த தேவதாசி முறை ஒழிந்தது நல்லதற்கே. 1947-ல் சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்கும் சட்டம் வந்ததற்குப் பின்னால் முத்துலட்சுமி ரெட்டி இருந்தார். எங்களுக்கு இன்னும் பக்கத்தில், மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில் ராமாமிர்தம் அம்மையார் இருந்தார். அந்த வலையில் தானே சிக்கி மீண்டவர், 1936-ல் அதை நாவலாக எழுதியவர். அவர் எழுதியது உள்ளே இருந்தவரின் கோபம். வெளியே நின்ற நாங்கள் அந்தக் கோபத்தை இரவல் வாங்கி, முறையைத் திட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பெண்களைத் திட்டினோம். அந்த முறையால் காலமெல்லாம் லாபம் பார்த்த மிராசுகளைப் பற்றி அவ்வளவு சத்தம் எழவில்லை. அவர்களில் சிலர் எங்கள் ஊர்களின் தர்மகர்த்தாக்களாகவே கடைசிவரை இருந்தார்கள். மூவலூர் அம்மையாருக்காவது ஒழுங்காக ஏதாவது செய்தோமா என்றால், அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது திருமண உதவித் திட்டம். மனுஷி திட்டமாகிவிட்டார்.

'சந்திரலேகா'வுக்கு வருவோம். 1948 ஏப்ரலில் ஜெமினி எஸ்.எஸ். வாசன் வெளியிட்ட படம். அந்தக் காலத்துக்கு யாரும் கனவிலும் நினைக்காத செலவு. அதே வருஷக் கடைசியில் இந்தியிலும் வந்து, சென்னையில் எடுத்த படத்தை வடக்கே முழுக்கப் பார்க்கவைத்தது. அதன் முரசு நடனத்தை யூடியூபில் இன்றைக்கும் பார்க்கலாம், எங்கள் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு "கிராபிக்ஸ் இல்லாமயா தாத்தா?" என்று கேட்கிறார்கள். அரண்மனை முன்னால் அணி அணியாக ராட்சச முரசுகள். ஒவ்வொரு முரசின் தோல் மேலும் ஆடுகிற பெண்கள். கீழே இன்னும் நூற்றுக்கணக்கான பேர். கேமரா மேலே ஏறும்போது முரசுகள் கோலப்புள்ளி மாதிரி தெரிகின்றன. நடுவில் ராஜகுமாரி. அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்த ஷாட்டிலும் கண் அவரைத் தேடிப் போய்விடுகிறது. மற்றவர்கள் தாளத்துக்கு ஆடுகிறார்கள், அவர் தாளத்தை நடத்துகிறார்.

கதையில் அந்த இடம் என்ன? கொடுமைக்கார இளவரசன் சசாங்கன் நாயகி சந்திரலேகாவைச் சிறைப்பிடித்துக் கல்யாணம் செய்யப் பார்க்கிறான். சரி என்கிறாள், முரசு நடனம் நடக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறாள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். அதாவது, ஆட்டமே படையெடுப்பு. ஆடுகிற பெண் ஆடியே அரண்மனையைக் கவிழ்க்கிறாள். அதுவரை வந்த படங்களில் குடும்பத்தைக் கவிழ்த்த அதே ஆட்டம், இங்கே ஒரு கொடுங்கோலனைக் கவிழ்க்கிறது. இதை நாங்கள் எழுபது வருஷமாக 'வாசனின் பிரம்மாண்டம்' என்றே சொல்லி வந்திருக்கிறோம். வாசனின் பிரம்மாண்டம்தான், மறுப்பில்லை. ஆனால் வாசன் முரசு மேல் ஏறி ஆடவில்லை.

அந்த நடனம் மக்கள் வாயில் நிற்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் பாட்டில்லை, முரசுதான். எங்கள் ஊர்களில் பழைய சினிமாவை உயிரோடு வைத்திருப்பது காரைக்கால் வானொலி. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் வரைக்கும் வயலில், தறியில், கடையில் எல்லாம் அதுதான் ஓடும். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், இசை, எழுதியவர் என்று சொல்வார்கள். யார் ஆடியது என்று வானொலியில் எப்படிச் சொல்வது? காது வழியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்ட சமூகத்தில் உடம்பால் கலை செய்தவர்கள் காற்றோடு போய்விடுகிறார்கள். பாகவதருக்குக் குரல் மிச்சம். ராஜகுமாரிக்கு மிச்சம் ஒரு பட்டம்.

அவர் நடிகை மட்டுமில்லை என்பதைப் பற்றித்தான் நாங்கள் சுத்தமாக வாய் திறந்ததில்லை. தம்பி டி.ஆர். ராமண்ணாவும் அவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி ஆர்.ஆர். பிக்சர்ஸ். 1953-ல் 'வாழப்பிறந்தவள்'. 1954-ல் 'கூண்டுக்கிளி', எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம். தமிழ்நாட்டில் எந்த வினாடி வினாவிலும் அந்தக் கேள்வி வரும். பதிலும் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு பேரையும் ஒரே படத்தில் நிறுத்திய கம்பெனியில் ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணின் பணமும் பெயரும் இருந்தது என்பது அந்தக் கேள்வியில் வராது. படம் ஓடவில்லை. அடுத்த வருஷமே 'குலேபகாவலி' எடுத்தார்கள். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. அதில் அவரும் நடித்தார்.

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 'ராஜகுமாரி' என்று ஒரு தியேட்டர் இருந்தது. அவருடையது. தென்னிந்தியாவில் சொந்தமாக தியேட்டர் கட்டிய முதல் நடிகை அவர்தான் என்பார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் கோடிக்கணக்கானவர்களைச் சிரிக்கவும் அழவும் வைத்த ஆண் நட்சத்திரங்கள் பலர் கடைசிக் காலத்தில் கையில் ஒன்றுமில்லாமல் போனார்கள். பாகவதர் கதையே அதற்குச் சாட்சி. இந்தப் பெண் சம்பாதித்ததைக் கட்டடமாக மாற்றினார், கம்பெனியாக மாற்றினார், தம்பியை இயக்குநராக்கினார், குடும்பத்தைத் தாங்கினார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊரில் ஒரு ஆண் இதில் பாதியைச் செய்திருந்தால் அவரைப் பற்றி உதாரணம் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கொன்றிருப்போம். இவர் செய்ததால் "கல்யாணம் ஆகல, பாவம்" என்றோம்.

அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. விற்று, இடித்து, கடைகளாகிவிட்டது. சென்னைக்குப் போகும் எங்கள் ஊர்க் குடும்பங்களில் பாண்டி பஜாரில் கால் வைக்காமல் திரும்பியவை குறைவு. பை நிறைய வாங்கிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டித்தான் பஸ் ஏறியிருக்கிறோம். ஒருவராவது "இங்கே நம்ம தஞ்சாவூர்க்காரம்மா தியேட்டர் இருந்துச்சு" என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

பெயரைக் காப்பாற்றத் தெரியாத மண்ணா இது? இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு இருக்கிறது. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 ஆடல் பெண்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று சொல்லும். எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். திருவாரூரிலிருந்து மட்டும் எத்தனை பேர்! ராஜராஜன் அவர்களைக் கேட்டுத்தான் கூட்டி வந்தானா என்பது வேறு கேள்வி, அதற்குக் கல்வெட்டில் பதில் இருக்காது. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு அரசு தன் ஆடல் பெண்கள் 400 பேரின் பெயரைக் கல்லில் எழுதியது. அச்சு, வானொலி, தொலைக்காட்சி, இணையம் எல்லாம் கையில் இருந்தும் அதே தஞ்சாவூரின் ஒரே ஒரு பெண்ணின் வீட்டு வாசலை எங்களால் அடையாளம் காட்ட முடியவில்லை. ராஜராஜனின் சதய விழாவுக்கு இங்கிருந்து வேன் வைத்துப் போகிறோம். அந்தச் சுவரை ஒட்டி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

காரைக்காலில் வருஷா வருஷம் ஆனியில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். வரிச்சிக்குடியிலிருந்து நாங்களும் குடும்பத்தோடு போய் நெரிசலில் நின்று பிடிப்போம். உலகத்தில் வேறெங்கே ஒரு ஊர் ஒரு பெண் கவிக்கு இவ்வளவு பெரிய விழா எடுக்கிறது என்று எங்களுக்குப் பெருமை. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. புனிதவதி எப்போது அம்மையார் ஆனார்? கணவன் கும்பிட்டு விலகிய பிறகு, இந்த அழகும் சதையும் வேண்டாம் என்று கேட்டு வாங்கிப் பேயுருக் கொண்ட பிறகு. அவர் கேட்டது அவருடைய உரிமை, அவருடைய பக்தி. அதில் நாம் மூக்கை நுழைக்க ஒன்றுமில்லை. அதைக் கொண்டாடுகிற நாங்கள்தான் விசாரணைக்கு உரியவர்கள். அழகை உதறிய பெண்ணுக்குத் தேர். அழகை வைத்துக்கொண்டே, அதையே தொழிலாக்கி, அதில் சொத்தும் சேர்த்து, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வாழ்ந்த பெண்ணுக்கு ஒரு பட்டம், ஒரு விசில். ஆலங்காட்டில் சிவன் ஆடும்போது அம்மையார் காலடியில் இருந்து பார்த்தார் என்கிறது கதை. ஆடியது ஆணாக இருந்தால் நாங்களும் காலடியில்தான் இருப்போம்.

கடல் தாண்டிப் போன எங்கள் ஆட்கள் வேறு விதமாக நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். காரைக்காலிலும் நாகூரிலும் வீட்டுக்கு ஒரு சபராளி இருந்த காலம் உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு, சிங்கப்பூர் போனவர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையில் சைகோன் போனவர்கள். சிங்கப்பூரில் அப்போது மலாய் சினிமா தழைத்தது; அதை எடுத்தவர்களில் இந்தியாவிலிருந்து போன ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன் போன்றவர்கள் முக்கியமானவர்கள். அந்தப் படங்களில் பாடி நடித்த சலோமா 1935-ல் சிங்கப்பூரில் பிறந்தவர், 1983-ல் மறைந்தார். பி. ராம்லியின் மனைவி. அவர் இறந்து 37 வருஷம் கழித்து, 2020-ல் கோலாலம்பூரில் திறந்த ஒரு நடைபாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ராத்திரியானால் வெற்றிலை அடுக்கின் வடிவத்தில் ஒளிரும் பாலம். அங்கே வேலைக்குப் போயிருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் அதன் மேல் நின்று செல்ஃபி எடுத்து அனுப்புகிறார்கள். யார் சலோமா என்று கேட்டால், பழைய நடிகை, பாடகி என்று எழுதி அனுப்பினான் ஒரு தம்பி, அங்கே இருக்கிறவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. அவர்களைக் கேட்டால் அவர்களுக்குத் தெரிகிறது.

பாலம் கட்டச் சொல்லவில்லை. சிலை, தெருப்பெயர் என்று ஆரம்பித்தால் எங்கள் பக்கம் அது எங்கே போய் முடியும் என்று தெரியும். சிலைக்கு வலை போட்டுக் கம்பி கட்டி ஒரு போலீஸ்காரரை உட்காரவைப்பதில் முடியும். ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பெயரைச் சொல்லியிருக்கலாம். நூலகத்தில் ஒரு மாலை பேசியிருக்கலாம். உயிரோடு இருந்தபோது ஒரு தடவை அழைத்து ஒரு சால்வை போட்டிருக்கலாம். அவர் கடைசியாக நடித்த 'வானம்பாடி' 1963-ல் வந்தது. காலமானது 1999 செப்டம்பர் 20. நடுவில் 36 வருஷம். அந்த 36 வருஷத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனை கும்பாபிஷேகம், எத்தனை கட்சி மாநாடு, எத்தனை நட்சத்திர இரவு! பட்டிமன்றத்துக்கு ஆள் கூப்பிட்டோம், லாட்டரிச் சீட்டுக் குலுக்கலுக்குக்கூட நடிகை கூப்பிட்டோம். அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா என்பது வேறு. ஒதுங்கி வாழ்ந்தார், பேட்டிகளைத் தவிர்த்தார் என்பார்கள். இவ்வளவு பார்த்தவர் ஒதுங்கியதில் என்ன ஆச்சரியம்.

அவர் ஒருவரோடு கணக்கு முடிந்துவிட்டால் தேவலை. யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து நாட்டியம் கற்க வந்து, 1941-ல் 'வனமோகினி'யாகக் கலக்கிய கே. தவமணிதேவி பின்னால் ராமேஸ்வரத்தில் ஆன்மிகத்தில் அடங்கி, 2001-ல் அங்கேயே கண் மூடினார். ராமேஸ்வரம் யாத்திரை போன எங்கள் பாட்டிமார்கள் அவர் வாழ்ந்த தெருப்பக்கம் நடந்துகூட இருக்கலாம். திருவாரூர் பக்கத்து எண்கண்ணிலிருந்து இ.வி. சரோஜா போனார். மாயவரத்தில் பிறந்த குமாரி கமலா போனார். கமலாவுக்குக் கச்சேரி மேடை கிடைத்ததால் கொஞ்சம் தப்பித்தார். ஆடுகிற பெண்ணை ஏற்றுமதி செய்வதில் நெல்லுக்கு அடுத்தபடி எங்கள் டெல்டாதான். எந்தக் கிடங்கிலும் கணக்குப் புத்தகம் இல்லை.

இப்போது காரைக்காலில் பரதநாட்டிய வகுப்பு இல்லாத தெரு குறைவு. வரிச்சிக்குடியிலிருந்து சனி ஞாயிறுகளில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு சலங்கைப் பையோடு போகும் குழந்தைகளைப் பார்க்கலாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கற்கிறார்கள். நல்ல மாற்றம், சந்தோஷம். அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கிச் செலவு செய்கிற அப்பாக்களும் உண்டு. அந்த ஆட்டம் யார் வீடுகளில் காப்பாற்றப்பட்டு வந்தது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அழைப்பிதழில் "தெய்வீகக் கலை" என்று போடுகிறோம். தெய்வத்துக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் குஜலாம்பாள் போன்றவர்கள் யாருமே இல்லாத மாதிரி.

போன வருஷம் இங்கே ஒரு வீட்டில், அரங்கேற்றம் முடித்த பெண் சினிமாவில் நடிக்க ஆசை என்று சொன்னாள். அப்பா படித்தவர், முற்போக்கு பேசுகிறவர், மார்கழியில் சென்னை சபாக்களுக்குப் போய் வருகிறவர். அவள் பெரியப்பா, அத்தை, மாமா எல்லோரும் அன்றைக்குச் சாயங்காலமே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எங்களில் சிலரும் போயிருந்தோம். அத்தை ஒரு வார்த்தை சொன்னார்: "நம்ம வீட்டுப் பொண்ணா அது? ஆடு கண்ணு, வேணாங்கல. அதோட நிறுத்திக்க." யாரும் மறுத்துப் பேசவில்லை. நாங்களும்தான். காப்பி வந்தது, குடித்துவிட்டு எழுந்தோம்.